தெரியாது என்று சொன்ன பிள்ளை

அந்தப் பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஓடலாம்?" என்பதுதான். அவள் சொன்ன பதில், "தெரியாதுக்கா."

எனக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, "ஒண்ணும் பயப்படாண்டாம், ஆறு வாரத்துல துள்ளிக் குதிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஆறாவது வாரத்தின் சனிக்கிழமையை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டுத்தான் வடசேரியில் இருந்த பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். கால் வலிக்காரர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ. பதினெட்டுப் படி. ஏறி முடித்து மூச்சு வாங்க நின்றபோது, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையும் கையில் ஒரு இஞ்ச் டேப்புமாக அவள் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும்.

"டாக்டர் ஆறு வாரம்னு சொன்னாரே" என்றேன்.

"எலும்பு ஒட்டுததுக்கு ஆறு வாரம் ஆகலாம்க்கா. ஓடுதது வேற. அது எப்பன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு என்ன செய்யலாம்னு தெரியும். அதச் செய்வோமா?"

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டே முணுமுணுத்தார். "படிச்ச பிள்ளைக்கே தெரியாதாம். பின்ன யாருக்குத் தெரியுமாம்? வேற ஆளப் பாப்பமா?"

பார்த்திருப்பேன். ஆனால் அவருடைய பெயிண்டுக் கடை அடுத்த தெருவில்தான் இருந்தது. போகவர வசதி. அந்த ஒரே காரணத்துக்காக மறுநாளும் அங்கேயே போனேன். வாழ்க்கையில் சில நல்ல காரியங்கள் இப்படிச் சோம்பலால்தான் நடக்கின்றன.

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். நாற்பது வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்தபோது நடக்க ஆரம்பித்தேன். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்கே சரியாக நினைவில்லை. சுடிதாரும் ஷூவுமாகக் காலம்பற குளத்தங்கரை ரோட்டில் ஓடுவேன். பால் வாங்கப் போகிறவர்கள் முதலில் நின்று பார்த்தார்கள். "டீச்சரே, யாராவது வெரட்டுதாவளா?" என்று ஒருவர் தினமும் கேட்பார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண் யாரானாலும் டீச்சர்தான். மூன்று வருஷத்தில் அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் எனக்கு நாளே விடியாது என்று ஆகிவிட்டது. மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் வீட்டுக்கோ ஆபீசுக்கோ உள்ளது. இது மட்டும் என்னுடையது.

கன்னியாகுமரியில் நடக்கிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். தூரத்தைக் கூட்டினேன். முன்னெலும்பில் வலி வந்தது. தைலம் தேய்த்துவிட்டு ஓடினேன். வலி கூடியது. இன்னும் கொஞ்சம் தைலம். வீட்டில் யாராவது "வலிக்கா?" என்று கேட்டால் "இல்லையே" என்பேன். ஒரு நாள் படி இறங்கக் கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

வலியைக் குறைத்துச் சொல்வது எனக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது. இரண்டாம் நாள் அந்தப் பிள்ளை எலும்பின் மேல் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினாள்.

"பத்துக்கு எவ்வளவு வலிக்குக்கா?"

"ரெண்டு."

"ரெண்டுக்கா காலை உருவுனிய?" என்று சொல்லிவிட்டு, நோட்டில் ஆறு என்று எழுதினாள். முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. "நீங்க சொல்லுதத வச்சுத்தான் நாளைக்கு என்ன செய்யலாம்னு நான் முடிவெடுக்கணும். நீங்க மாத்திச் சொன்னா, நாளைக்கு நான் தப்பாச் செய்வேன்."

அவளுக்கு இருந்தது இந்த ஒரு குணம்தான். மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல அவளால் முடியாது. அது கடுமை இல்லை. அவள் குரல் எப்போதும் தணிந்தேதான் இருக்கும். தொடுகிற கை அதைவிட மெல்லியது. ஆனால் "நல்லா ஆயிட்டு வருது" என்று சும்மா சொல்லமாட்டாள். "நேத்தைய விட ரெண்டு டிகிரி கூட மடங்குது" என்பாள். அளந்துவிட்டுத்தான் அதையும் சொல்வாள். முன்மேசையில் சீட்டு எழுதுகிற பெண் ஒரு நாள் புதுச் சேலை கட்டி வந்து, "எப்பிடி இருக்கு?" என்று சுற்றிக் காட்டினாள். இவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நேத்து உள்ளதுதான் உங்களுக்குக் கூடுதல் நல்லா இருந்துது" என்றாள். இடுப்புக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டு குப்புறப் படுத்திருந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலோடு குலுங்கினார்.

சிரிப்பு வராத நாளும் உண்டு. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஒரு ரிட்டயர்டு சார் வருவார். கூடவே மனைவியும் மகனும் வருவார்கள். ஒரு நாள் அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்கா, சாருக்குக் கை பழையபடி வந்துரும் இல்லியா?" என்று கேட்டார்.

நானாக இருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"பழையபடி வராதும்மா" என்றாள் அவள். "சட்டைக்குப் பொத்தான் போடுத அளவுக்குக் கொண்டுவரலாம்னு நினைக்கேன். அதுக்கே ரொம்பப் பாடுபடணும்."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகன் கத்தினார். "ஆளைத் தேற்றுததுக்கு வந்த இடத்துல இப்பிடியா பேசுவிய? அப்பா காதுல விழாதா?" அன்றோடு அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். கிளினிக்கின் முதலாளி டாக்டர், நாங்கள் எல்லாரும் கேட்கும்படியே அவளைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வரும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போவும்?"

"வராதே சார்" என்றாள் அவள்.

அன்று எனக்கும் அவள் மேல் வருத்தம்தான். இந்தப் பிள்ளைக்கு நெஞ்சில் ஈரம் இல்லையோ என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் கழித்து அந்த சார் திரும்பி வந்தார். மகன் வரவில்லை. மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். சார் குழறிய நாக்கால், "அந்தப் பிள்ளை... அந்தப் பிள்ளைதான் வேணும்" என்று கேட்டதாக அந்த அம்மா சொன்னார். போன இடத்தில் எல்லாரும் தினமும் சூப்பர் சூப்பர் என்று கைதட்டினார்களாம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் முன்னாள் கணக்கு வாத்தியார்.

அதற்கெல்லாம் முன்பே, காலண்டரில் வட்டம் போட்ட சனிக்கிழமை வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஷூ மாட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய் ஓடினேன். முந்நூறு மீட்டர் இருக்கும். காற்று முகத்தில் பட்டபோது அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷம். அடுத்த ஐம்பது மீட்டரில் எலும்புக்குள் யாரோ ஊசி இறக்கியதுபோல் இருந்தது. ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்து, ஷூவைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

திங்கட்கிழமை அவள் கேட்டாள். "ஓடுனியளா?"

"இல்லியே."

"சரி." நோட்டைப் புரட்டினாள். "அப்பன்னா இன்னைக்கு ஒத்தக்கால்ல குதிச்சுப் பாக்கணும். இடது காலுல அஞ்சு தடவை." எழுந்து வந்து, நான் பிடித்துக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள்.

அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குதித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதை நம்பி நின்றுகொண்டிருந்தாள்.

"ஓடுனேன் மக்கா" என்றேன். "சனிக்கிழமை."

அவள் திட்டவில்லை. கையை விடாமல் என்னை மெல்லக் கட்டிலில் உட்கார வைத்து, எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்றுதான் அவள் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னது. அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பா தென்னையிலிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. பார்க்க வந்த சொந்தக்காரர், அண்டை வீட்டார், வைத்தியர், சபைப் போதகர், எல்லாரும் அடுத்த மாசம் எழும்பிருவிய என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"ரெண்டு வருஷம் அப்பா அடுத்த மாசத்துலேயே கிடந்தாருக்கா" என்றாள். "சக்கர நாற்காலி கொண்டுவந்தா வேண்டாம்பாரு. அடுத்த மாசம் நடக்கப் போற ஆளுக்கு நாற்காலி என்னத்துக்கு? கடைசீல நாகர்கோவில்ல ஒரு டாக்டர்தான், நீரு இனி நடக்க மாட்டீரு ஓய்னு நேர சொன்னாரு. அப்பா ஒரு நாள் முழுக்க அழுதாரு. மூணாம் நாளு நாற்காலியக் கேட்டாரு. முற்றத்துக்கு வந்து வெயில்ல உக்காந்தாரு. ரெண்டு வருஷத்துக்குப் பொறவு அவரு முகத்துல வெயில் பட்டு நாங்க அன்னைக்குத்தான் பாத்தோம்."

அவள் நோட்டை எடுத்து, நான் ஓடிய தூரத்தையும் வலி தொடங்கிய இடத்தையும் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "ஓட்டம் இனியும் தள்ளிப் போவும்க்கா. ஆனா வீட்டுல ஒரு சைக்கிள் கிடக்கா?" என்றாள்.

அந்த வாரங்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை என் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். சர்க்கரை மறுபடி ஏறியிருந்தது. தோசை கருகினால் அழுவேன். காலம்பற ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும், போக இடம் இருக்காது. சைக்கிள் என்றதும் எனக்கு ஒன்றும் உற்சாகம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் தம்பியோடு மணி வாடகைக்கு எடுத்து ஓட்டியதுதான். அதன்பிறகு நான் சைக்கிளில் ஏறியதே இல்லை. தங்கச்சி வீட்டில் அவள் மகள் பிளஸ் ஒன்னில் வாங்கிய அரசாங்க சைக்கிள் தூசி பிடித்துக் கிடந்தது. வீட்டுக்காரர் டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, "விழுந்து அடுத்த காலையும் ஒடிச்சுக்காத" என்று வாழ்த்தித் தந்தார்.

அந்தப் பிள்ளை தினமும் ராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து வடசேரிக்குச் சைக்கிளில்தான் வந்து போவாள். ஏன் ஸ்கூட்டி வாங்கவில்லை என்று கேட்டால், "இது இஷ்டம்" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கூட்டிப் போக வந்தாள். "மேடு வந்தா இறங்கித் தள்ளணும். வலி மூணைத் தாண்டுனா திரும்பிரணும். இன்னைக்கு எவ்வளவு தூரம்னு இப்பத் தெரியாது."

முதல் அரை கிலோமீட்டர் ஹேண்டில் பாம்புபோல் நெளிந்தது. பின்னால் வந்த மினி பஸ்காரன் ஹாரனிலேயே வைதான். ஊர் தாண்டியதும் ரோடு வயலுக்குள் இறங்கியது. அப்போது ஏதோ ஒன்று சரியானது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. ஓடும்போது நான் எப்போதும் என் உடம்புக்குள்ளேயே இருப்பேன். மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, கையில் கட்டின வாட்ச், இன்னும் எத்தனை கிலோமீட்டர். சைக்கிளில் எனக்கு வெளியே பார்க்க நேரம் இருந்தது. குளம் நிறையத் தாமரை இலை. நடவு முடிந்த வயலில் கொக்குகள். தேங்காய்த் தொண்டு ஊறப்போட்ட தண்ணீரின் நாற்றம். அதைத் தாண்டினால் யாரோ வீட்டில் மீன் பொரிக்கிற மணம். மூன்று வருஷம் இதே பக்கம் ஓடியிருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை.

கால்வாய்ப் பாலம் ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு சரிவு. நான் பிரேக்கை விட்டுவிட்டேன். துப்பட்டா பறக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, என்னை அறியாமல் பெரிதாகக் கூவிவிட்டேன். வரப்பில் நின்ற ஆள் மண்வெட்டியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"பிரேக்கப் பிடியுங்கக்கா!" என்று பின்னால் அவள் கத்தினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கடற்கரை வரைக்கும் போய்விட்டோம். மணலில் ஏற்றிவைத்த வள்ளத்தின் நிழலில் இருவரும் உட்கார்ந்தோம். கால் வலி ஒன்றுகூட இல்லை. சத்தியமாகவே இல்லை.

"மக்கா, எனக்கு ஓட்டத்த விட இது பிடிச்சுப் போயிரும்போல இருக்கே" என்றேன். சொல்லும்போதே ஓட்டத்துக்குத் துரோகம் செய்கிறதுபோல் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

"ரெண்டும் பிடிச்சிட்டுப் போட்டுமே. யாரு வேண்டாம்னா?" என்று அவள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

அதன்பிறகு நான் பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போக ஆரம்பித்தேன். சர்க்கரை இறங்கியது. தோசை கருகினால் வேறு தோசை ஊற்றினேன். மூன்று மாதம் முடிந்து, ஒரு நாள் காலம்பற ஆறு மணிக்கு அவள் குளத்தங்கரைக்கு வந்தாள். "ஒரு நிமிஷம் ஓட்டம், மூணு நிமிஷம் நடை. ஆறு தடவை." நான் ஓட, பக்கத்திலேயே அவள் சைக்கிளில் வந்தாள். என் வேகத்துக்கு மெதுவாக ஓட்ட முடியாமல் சைக்கிள் தள்ளாடியது. இரண்டு தடவை காலை ஊன்றினாள். மூன்றாவது தடவை வேலியோரம் சாய்ந்தே விட்டாள். நான் ஓடிக்கொண்டே சிரித்தேன்.

கன்னியாகுமரி ஓட்டம் அதற்குப் பிறகு ஐந்து வாரத்தில் வந்தது. போகலாமா என்று கேட்டேன்.

"அஞ்சு கிலோமீட்டர் தாங்கும்க்கா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. வேண்டாம்."

இந்தத் தடவை காலண்டரில் வட்டம் இல்லை. கோபம் வந்தது, ஆனாலும் கேட்டேன். ஓட்டத்தன்று இருட்டு விலகுமுன் சைக்கிளை எடுத்துக் கன்னியாகுமரிக்கே போய், ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கிறவர்களோடு நின்றுகொண்டேன். என்னோடு பயிற்சி செய்த பெண்கள் என்னைக் கண்டு கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிறு எரியும் என்று நினைத்திருந்தேன். எரியவில்லை. வெயில் ஏறுமுன் திரும்பி வந்தபோது, ஒரே நாளில் நாற்பது கிலோமீட்டர் மிதித்திருக்கிறேன் என்று தெரிந்தது. அந்தத் தூரத்தை ஓடிக் கடக்க என்னால் என்றைக்கும் முடிந்திருக்காது.

மறுவருஷம் ஒரு நாள், இருபது தடவை ஒற்றைக்காலில் குதிக்க வைத்துவிட்டு, "இனி நீங்க இங்க வரண்டாம். பத்தும் ஓடலாம்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த "ஓடலாம்" அது. படி இறங்கும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்த வருஷம் ஓடி முடித்தேன். நிதானமாக, வலி இல்லாமல்.

கொஞ்ச நாளில் அவளுக்கு மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வழியனுப்ப நான் சைக்கிளிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் திருவனந்தபுரம் போகிற கார் நின்றது. அப்பா நாற்காலியில் முற்றத்தில் இருந்தார். அம்மா அவள் கையை விடவில்லை.

"ரெண்டு வருஷத்துல வந்துருவேன்னு சொல்லு மக்கா."

அவள் அம்மாவின் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒரு பேச்சுக்காவது சொல்லப்பிடாதா?" என்று அம்மா விம்மினார். சுற்றி நின்ற எல்லாருக்கும், சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்றிருந்தது.

அவள் கண் நிறைந்திருந்தது. "ரெண்டு வருஷம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும்மா. அதுக்குப் பொறவு எப்பிடின்னு எனக்குத் தெரியாது. ஆனா தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன்ல விளிப்பேன்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கையை விட்டார்.

இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து, அவள் இன்னொரு இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் காலம்பற நான்கு நாள் ஓடுகிறேன், மூன்று நாள் சைக்கிள். இப்போது என்னிடம் இருப்பது சொந்தச் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் கடற்கரை ரோடுதான். போன வாரம் போகிற வழியில் அவள் வீட்டில் இறங்கினேன். அப்பா கொஞ்சம் சுகமில்லாமல் படுத்திருந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு நாள்கூட விளிக்காம இருந்ததில்ல, கேட்டியா. ஏழு மணின்னா ஏழு மணி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கிறிஸ்துமசுக்கு வந்துருவா, என்ன?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

வந்துருவாம்மா என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தால் அதைத்தான் சொல்லத் தோன்றும்.

"தெரியாதும்மா" என்றேன். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன்."

அம்மா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"அப்ப வா" என்றார். "மரச்சீனிக் கிழங்கு அவிச்சு வைக்கேன்."